அப்பாவின் தகட்டில் ஓர் எழுத்து

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு வியாதி.

அவருக்குத் தொழில் பல்செட்டு செய்வது. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் பின் அறையில் உட்கார்ந்து மெழுகு உருக்கி, வார்த்து, ராவித் தேய்த்து, மெருகேற்றி, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு வாய் நிறையப் பல் செய்து அனுப்புவார். சோறு போடுவது அதுதான். ஆனால் உயிரை வைத்திருப்பது வேறு இடத்தில், பழைய சிப்பாய்களின் கழுத்தில் தொங்கிய அடையாளத் தகடுகளில். சண்டையில் செத்துக் கிடந்தால் யார் பெற்ற பிள்ளை என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் பெயரும் எண்ணும் பொறித்துக் கட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி நானூற்றுப் பதினொன்று இருக்கின்றன. பிஸ்கட் டப்பாக்களில் இருக்கின்றன, மருந்துப் புட்டிகளில் இருக்கின்றன, எனக்கென்று வாங்கிய அலமாரியில் மேல் இரண்டு தட்டு முழுக்க இருக்கின்றன. என் துணிமணி கீழ்த்தட்டில் ஒண்டுக்குடித்தனம்.

ஒரு தகட்டைக் கையில் கொடுத்தால் போதும், எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். நான் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அப்படி வாங்கியதிலேயே எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. நார் அட்டையை அழுத்திச் செய்த வட்டமா, மிகப் பழசு. வெள்ளை எஃகா, நேற்று வந்தது. நடுவில் இருப்பது பித்தளை. சூட்சுமமெல்லாம் அந்தப் பித்தளையில்தான். ஓர் ஆற்றுப் பாலத்துக்காகப் பாலச் சண்டை நடந்தபோது கொடுத்த தகடுகளில் பெயர், எண், படைப்பிரிவு, அவ்வளவுதான். அந்தச் சண்டையில் அடிபட்டவர்களுக்கு இரத்தத்தை மாற்றி ஏற்றிப் பலர் போய்ச் சேர்ந்த பிறகு, மறுவருடம் முதல் இரத்தப் பிரிவையும் சேர்த்துப் பொறிக்கத் தொடங்கினார்கள். ஆகவே பித்தளைத் தகட்டில் இரத்தப் பிரிவு இருந்தால் அது சண்டைக்குப் பிந்தியது. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

இதைச் சொல்வதில் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரர் ஒருநாள் தன் தாத்தாவின் தகடு என்று ஒன்றைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார். கண் வேறு கலங்கியிருந்தது. இவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

“இது தங்கும் விடுதிச் சாவித் தகடுங்க. பதினேழாம் நம்பர் ரூம்.”

அதோடு விட்டாரா? “உங்க தாத்தா சாவியத் திருப்பிக் குடுக்கல போலிருக்கு” என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து நாங்கள் ரொட்டிக்கு அடுத்த தெருவுக்கு நடக்கிறோம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், “தேதி தேதிதான். அதுல தாட்சண்யம் பார்க்க முடியுமா?” என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் இருபத்திரண்டு வருடமாகத் தொட்டுப் பார்க்க முடியாத தகடு ஒன்றே ஒன்றுதான். அது என் அப்பாவின் கழுத்தில் கிடந்தது.

அப்பா பாலச் சண்டையில் இருந்தவர். “பாலத்த மூணு தடவ கடந்தேன்” என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். மீதியை என் அண்ணன் பார்த்துக்கொண்டான். அவன் பேருந்துப் பணிமனையில் நேரக் கண்காணிப்பாளர். வண்டி பத்து நிமிடம் தாமதமானால் குதிப்பான், ஆனால் அப்பா கதையில் மட்டும் எதையும் கூட்டிக் குறைத்துக்கொள்வான். அவன் சொல்லச் சொல்ல அப்பாவின் தோளில் ஓர் இயந்திரத் துப்பாக்கி ஏறியது. பிறகு காயம்பட்ட அதிகாரி ஒருவரும் ஏறிக்கொண்டார். ஊரில் அப்பாவுக்குப் பாலத்தார் என்றே பெயர். முடிதிருத்தும் கடையில் ஜன்னலோர நாற்காலி அவருக்கென்று காலியாக இருக்கும். எண்பத்து நான்கு வயதில் ஒரு மனிதருக்கு வேறு என்ன சொத்து வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்தால் அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழுத்து நெரிபடப் போட்டுக்கொள்வார். கோடையில்கூட. “வாங்க மாப்பிள்ளை” என்று வாய் சொல்லும், கை கழுத்தைப் பொத்திக்கொள்ளும்.

இந்த நேரத்தில் நூலகத்தில் பாலச் சண்டைக்கென்று ஒரு கண்ணாடிப் பேழை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். ஊரில் யாரிடம் என்ன இருந்தாலும் கொண்டுவரலாம். உண்மையானதுதான் என்று ஆய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு அட்டை எழுத வேண்டிய பொறுப்பை நூலகர் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அண்ணன் முதல் ஆளாக அப்பா பெயரைப் பதிந்துவிட்டு வந்தான். அப்பா வேண்டாம் என்று நாலு நாள் மல்லுக்கு நின்றிருக்கிறார். அழைப்பிதழில் பெயர் அச்சாகி வந்த பிறகு என்ன செய்வார், கழற்றிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டுக்காரர் பல்செட்டு கொடுக்க வெளியே போயிருந்தார்.

“பல்பொடி போட்டுத் தேச்சிருக்கேன். தங்கமாட்டம் மின்னுது பாரு. ஞாயித்துக்கெழம அப்பாவோட வரேன், அவரு முன்னாலயே மச்சான் பார்த்து எழுதட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பழைய தகட்டைத் தேய்ப்பது சேகரிப்பாளர்கள் கணக்கில் கொலைக்குச் சமம். அதை நினைத்து ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டே தகட்டைத் திருப்பினேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவின் பெயர். எண். படைப்பிரிவு. அதற்குக் கீழே, மூலையில், தெள்ளத் தெளிவாக ‘பி’ என்று ஓர் எழுத்து. பக்கத்தில் ஏதோ ஒரு சின்னப் பொட்டு.

இரத்தப் பிரிவு.

அப்பா படையில் சேர்ந்ததே சண்டை முடிந்த பிறகுதானா? மூன்று தடவை பாலத்தைக் கடந்ததெல்லாம் கட்டுக்கதையா? அப்படியென்றால் அந்தப் பொத்தானுக்கு அர்த்தம் இதுதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று இத்தனை வருடம் இருந்திருக்கிறார். முதலில் அவர் மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்த ஜன்னலோர நாற்காலி நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மாமா, இது சண்டைக்குப் பிந்தினது” என்று வாய் கூசாமல் சொல்லுவார். சொன்னதை அட்டையிலும் எழுதுவார். ஊரே வந்து படிக்கும். ரொட்டிக்கடைக்காரராவது எங்களோடு பேச்சை விட்டதோடு நின்றார். அப்பா யாரோடு பேச்சை விடுவார்? ஊரோடா?

ஒரு வார்த்தை தொலைபேசியில் அப்பாவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

பின் அறைக்குப் போனேன். பல்செட்டு ராவும் கைமோட்டார் மேசையில் இருந்தது. அவர் வேலை செய்வதை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இது ஒரு பிரமாதமா? சின்னச் சக்கரத்தை மாட்டி, மிதியை மிதித்து, ‘பி’யின் மேல் வைத்தேன். சர்ரென்று ஒரு சத்தம். அந்தப் பொட்டும் சேர்ந்து போயிற்று. ஏதோ அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன். எழுத்து போன இடம் பளபளவென்று காட்டிக் கொடுத்ததால் கெட்டியாக டீ வடித்து, அவர் கண்ணில் படாமல் அதில் தகட்டை இரண்டு நாள் ஊறப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் நூறு வயதுக் கறை. நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பத்து மணிக்கு அப்பாவும் அண்ணனும் வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, விளக்கைத் தாழ்த்தி வைத்து, வீட்டுக்காரர் அறுவை மருத்துவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்த மனிதர், பாவம், அன்றைக்குத் தலைகூடப் படிய வாரியிருந்தார். எதிரே அப்பா. கழுத்தில் தகடு இல்லாமல் அவர் கை சும்மா சும்மா அங்கே போய்த் தடவிவிட்டு வந்தது.

நான் தகட்டைக் கொண்டுவந்து வைத்தேன்.

“நான் மின்ன மின்னத் தேச்சுக் குடுத்தேனே. ஏன் கறுத்துக் கெடக்கு?” என்றான் அண்ணன். எமன் வெளியிலிருந்தா வரவேண்டும்.

வீட்டுக்காரர் தகட்டை எடுத்து முதலில் முகர்ந்து பார்த்தார்.

“டீ” என்றார்.

பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“இது நம்ம மூணாம் நம்பர் சக்கரம். ஓரத்துல ஒரு வெட்டு உண்டு, ராவுனா ரெட்டைக் கோடு விழும். நேத்து செஞ்ச கடவாய்ப் பல்லுல இதே கோடு இருக்கு.”

“என்ன மச்சான் சொல்றீங்க?” என்றான் அண்ணன்.

“யாரோ எதையோ ராவியிருக்காங்க.”

அந்த வீட்டில் கைமோட்டாரை மிதிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கையில் பூதக்கண்ணாடி இருந்தது.

“நான்தான்” என்றேன்.

“நீயா? எதுக்கு?” அண்ணன் எழுந்தே விட்டான்.

“அதுல இரத்தப் பிரிவு இருந்துச்சு. பி. அது சண்டைக்கு அப்புறம்தான போட ஆரம்பிச்சாங்க. அப்பா…” அதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை அந்த ‘அப்பா’வே சொல்லிவிட்டது. தோளில் இயந்திரத் துப்பாக்கி ஏற்றியவன் வாய் பிளந்து நின்றான். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசை விரிப்பைப் பார்த்தார். அவர் ஒரு சொல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் சண்டையில இல்லன்னு நெனச்சியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

வீட்டுக்காரர் இது எதையும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு எழுந்து பின் அறைக்குப் போய், வார்ப்பு கழுவும் அமிலத்தையும் பஞ்சு சுற்றிய குச்சியையும் கொண்டுவந்தார்.

“எழுத்த உளி வச்சு அடிக்கும்போது அதுக்குக் கீழ இருக்கற பித்தளையும் நெரிஞ்சுபோயிடும்” என்று வகுப்பு எடுக்கத் தொடங்கினார். “மேல ராவினாலும் அந்த நெரிசல் அடியில அப்படியே கெடக்கும். அமிலம் பட்டா அந்த எடம் மட்டும் நெறம் மாறும்.”

“இப்ப எதுக்குங்க அது? நான்தான் பி-ன்னு சொல்றேனே” என்றேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

“நீ சொல்றத எப்படி அட்டையில எழுதறது?”

பஞ்சால் தடவினார். துடைத்தார். மறுபடி தடவினார். நாலு தலையும் மேசைக்கு மேல் கூடியிருந்தன. ஐந்தாவது தடவையில் மங்கலாக ‘பி’ எழுந்து வந்தது. வந்துவிட்டதே, போதுமே என்றால் அவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. நான் அழுக்கு என்று நினைத்த பொட்டு. அதற்கு ஐந்து முனை இருந்தது.

அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“நட்சத்திரம்” என்றார். “மாமா, இது நட்சத்திரத் தகடா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னடி அது நட்சத்திரம்?” என்று அண்ணன் என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? அவர் அதைச் சொன்ன அன்றைக்கு நான் அடுப்பைப் பார்க்கப் போயிருக்க வேண்டும்.

“இரத்தப் பிரிவு போட ஆரம்பிச்ச முதல் வருஷம் மட்டும் இந்தக் குறி அடிச்சாங்க” என்றார் வீட்டுக்காரர். “சண்டையில இருந்தப்பவே தகட்டத் தொலைச்சவங்களுக்கு, பதில் தகடு குடுக்கும்போது. நானூத்திப் பதினொண்ணுல எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “சண்டையில இருந்தாருங்கறதுக்கு உங்க அப்பாகிட்ட இருந்த ஒரே அத்தாட்சி இதுதான். அதத்தான் ராவியிருக்க” என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அப்பா கழுத்திலேயே சக்கரத்தை வைத்திருக்கிறேன்.

“எப்படிப்பா தொலைஞ்சுது?” என்றான் அண்ணன். அவன் குரலில் ஆசை இருந்தது. ஆற்று வெள்ளம், குண்டு மழை, ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று.

அப்பாவுக்கு இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்க வேண்டும்.

“கழுதை தின்னுடுச்சு” என்றார்.

“எது?”

“கோவேறு கழுதை. நான் அதுக்குத்தான் பொறுப்பு. தோட்டாப் பெட்டியக் கட்டி அக்கரைக்குக் கொண்டுபோகணும். மூணு தடவையும் அதோடதான் பாலத்தக் கடந்தேன். நடுப் பாலத்துல சண்டித்தனம் பண்ணிப் படுத்துக்கும். குண்டு விழுந்துட்டே இருக்கு, நான் அது காதுல கெஞ்சிட்டு இருக்கேன். மூணாந்தடவ குனிஞ்சு கெஞ்சறப்ப கயித்தோட கடிச்சு முழுங்கிடுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. தகட்டத் தொலைச்சா தண்டனை. வெளிய வர்ற வரைக்கும் பின்னாலயே இருன்னு அதிகாரி சொல்லிட்டாரு. ரெண்டு நாள் குச்சிய வச்சுக் கிளறிட்டு உக்காந்திருந்தேன். வரல. பட்டாளமே வந்து வேடிக்க பார்த்துச்சு.” அப்பா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “நட்சத்திரம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் மாப்பிள்ளை. பார்த்தா கேப்பீங்க. அதான் பொத்தான்.”

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது. அப்பாவும் சிரித்தார். அண்ணன் மட்டும் இயந்திரத் துப்பாக்கியையும் காயம்பட்ட அதிகாரியையும் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

நான் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “மன்னிச்சிருங்கப்பா” என்றேன்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது.

அட்டை விவகாரம் தனி. வீட்டுக்காரர் எழுதிக்கொண்டுவந்து காட்டினார். ‘பித்தளைத் தகடு. பாலச் சண்டையில் தொலைந்த தகட்டுக்குப் பதிலாக மறுவருடம் வழங்கப்பட்டது. இரத்தப் பிரிவும் நட்சத்திரக் குறியும் அண்மையில் ஆய்வாளரின் மனைவியால் ராவி அழிக்கப்பட்டு, பின் அமிலத்தால் மீட்கப்பட்டன.’

“மனைவின்னு போடணுமா? ஒருவரால்னு போடுங்களேன்.”

“எந்த ஒருவர்னு கேப்பாங்களே.”

“ஏங்க, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?”

“ராவுன” என்றார்.

திறப்பு விழாவில் கூட்டம் நன்றாக இருந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டுப் பேழைக்குப் பக்கத்தில் நின்றார். கழுதைக் கதையை அவர் வாயாலேயே நாலு தடவை சொல்லிவிட்டார். இயந்திரத் துப்பாக்கிக்குக் கிடைத்ததைவிடக் கழுதைக்குக் கூட்டம் அதிகம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முடிதிருத்துகிறவர் கண்ணாடிக்கு மேல் குனிந்து அட்டையை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“ஆய்வாளரோட மனைவின்னா உங்க மகதானங்க பாலத்தாரே? அது ஏன் இதப் போயி ராவுச்சு?”

சுற்றி இருந்தவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். பெற்ற மகளே அப்பாவை நம்பவில்லை, அதனால்தான் என்பது ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

“எனக்குக் கழுத்துல குத்திட்டே இருந்துச்சுப்பா” என்றார் அப்பா. “நான்தான் அவகிட்டக் குடுத்துக் கொஞ்சம் ராவிக் குடும்மான்னேன்.”

“எழுத்து எப்படிங்க குத்தும்?”

“குத்தும். பி குத்தும்.”

எண்பத்து நான்கு வயதில் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். சுத்தமாக வரவில்லை அவருக்கு. காது நுனிவரை சிவந்துபோய், யார் கண்ணையும் பார்க்காமல், பாலத்தை மூன்று தடவை கடந்த மனிதர் எனக்காக அங்கே நின்றுகொண்டிருந்தார்.